கேமராவை ஆட்டும் முன்: அரிசோனாவில் படமெடுக்கக் கிளம்பும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி என்று பீனிக்ஸைச் சுற்றிக் குடியிருந்துகொண்டு, சனிக்கிழமை பொழுது விடியும் முன்பே ஃப்ளாஸ்கில் காபியும் தோளில் முக்காலியுமாகப் பாலைவனத்துக்குக் கிளம்பிவிடும் உங்கள் கூட்டத்துக்குத்தான் இந்த மடல். கடைசியாகப் போய்வந்த படங்களை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். கூடவே ஒரு கேள்வி: "கொஞ்சம் கிரியேட்டிவாக எடுக்க அடுத்து எந்த ஃபில்டர் வாங்கலாம்?"

என்னைக் கேட்டால், இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் படங்களில் வித்தைக்குப் பஞ்சமே இல்லை. ஓடை என்றால் முப்பது நொடி ஷட்டர். தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளை மூட்டம். செடி என்றால் கேமராவை மேலும் கீழுமாக ஓர் இழுப்பு. சவாரோ, சோய்யா, ஒகோட்டியோ மூன்றும் ஒரே பச்சைக் கோடுகள். அந்த மூன்றில் ஒன்று கள்ளியே கிடையாது என்பது உங்கள் படங்களைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: எந்தச் செடிக்கு எந்த வித்தை என்பதை அந்தச் செடியின் உடல்வாகு முடிவு செய்யட்டும். இந்த சொனோரன் பாலைவனத்தில் ஒவ்வொன்றும் வெயிலைத் தாங்கவும் தண்ணீரைச் சேர்க்கவும் தன் உடம்பை ஒவ்வொரு விதமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று கவனித்தால் ஷட்டரை எவ்வளவு நேரம் திறப்பது, கேமராவை எந்தப் பக்கம் அசைப்பது, சூரியனை எங்கே நிறுத்துவது என்ற கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

சவாரோவையே எடுத்துக்கொள்வோம். அரிசோனா என்றதும் எல்லோர் கண்ணிலும் வந்து நிற்கும், கைகளைத் தூக்கிய அந்த நெடுங்கள்ளி. அதன் உடம்பு முழுக்க மேலிருந்து கீழாகப் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு. மழை பெய்தால் வேர்கள் தண்ணீரை இழுக்க, மடிப்பு விரிந்து தண்டு பருக்கும். வறட்சியில் சுருங்கி, மடிப்பு உள்வாங்கும். ஜூன் மாதக் காய்ச்சலில் ஒரு சவாரோவைப் பக்கவாட்டு வெயிலில் எடுங்கள். ஆகஸ்ட் மழை நன்றாகப் பெய்து முடிந்தபின் அதே செடியை, அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று எடுங்கள். முதல் படத்தில் நிழல்கோடுகள் கறுத்து ஆழமாக இருக்கும். இரண்டாவதில் வயிறு புடைத்து நிழல் மெலிந்திருக்கும். எந்த ஃபில்டரும் இல்லாமல் ஒரு செடி தண்ணீர் குடித்ததைக் காட்டிவிடலாம்.

ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை வேண்டுமென்றே அசைக்கும் உங்கள் பிரியமான வித்தை சவாரோவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். மடிப்பு ஓடும் திசையிலேயே கேமராவும் ஓடுவதால் மடிப்புக்கோடுகள் கோடாகவே நிற்கும். முள்கொத்துகள் மட்டும் கரைந்து ஒரு சாம்பல் மினுமினுப்பாக மாறும். செடி தன் வடிவத்தை இழக்காமல் அசையும். ஆனால் அதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். ஷட்டரை அழுத்திவிட்டு அசைக்க ஆரம்பித்தால் தொடக்கத்தில் ஒரு வெட்டு விழும். கை முதலில் அசையத் தொடங்கட்டும், ஓட்டத்தின் நடுவில் ஷட்டரை அழுத்துங்கள், படம் முடிந்த பிறகும் கை நிற்க வேண்டாம். இல்லையென்றால் இதற்கு நேர்மாறாக, திறந்தவுடன் ஒரு கணம் அசையாமல் நிறுத்திவிட்டுப் பிறகு இழுங்கள். கூர்மையான ஒரு சவாரோவும் அதன் மேல் அதன் ஓட்டமும் சேர்ந்து பதியும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. லென்ஸின் நடுக்கம் தடுக்கும் வசதியை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். நீங்கள் ஆட்ட, அது பிடித்து நிறுத்த, இரண்டும் கெட்டுப்போகும்.

கணக்கு கேட்பீர்கள் என்று தெரியும், பாதிப்பேர் சிப் வேலையில் இருப்பவர்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வைத்தால் ஷட்டர் 1/100 நொடிக்குப் பக்கத்தில் வரும். கேமராவை ஆட்ட 1/4 நொடியாவது வேண்டும். அதாவது வெளிச்சத்தை 25 மடங்கு குறைக்க வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் போலரைசர் ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப்பைத் தின்றுவிடும். அதன் மேல் 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று இருந்தால் கணக்கு சரி. பொழுது விடியும் நேரத்துக்குப் போனால் இது எதுவுமே தேவையில்லை. எஃப்/22 வரை போகிறவர்கள் சென்சாரைத் துடைத்துக்கொண்டு போங்கள். இந்த ஊர்த் தூசி, துளை சிறுத்தால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டும். காற்று அடிக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாமல் இருந்தாலே பாதி வேலை மிச்சம்.

சவாரோவை விட்டுப் போவதற்கு முன் இன்னொன்று. முதல் எட்டு ஆண்டுகளில் அது ஒன்றரை அங்குலம் வளர்ந்தால் பெரிய விஷயம். கை முளைக்கவே பெரும்பாலும் 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும். வறண்ட இடங்களில் நூறும் ஆகலாம். நீங்கள் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போன கையில்லாத 'சின்ன' சவாரோவுக்கு உங்கள் தாத்தா வயது இருக்கலாம். டெம்பியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மார்க் க்ளெட், சவாரோக்களை ஒவ்வொன்றாக, நடுவில் நிறுத்தி, ஆளைப் படமெடுப்பதுபோல எடுத்திருக்கிறார். எந்த வித்தையும் கிடையாது. ஆனாலும் ஒன்றுக்கு இருக்கும் முகம் மற்றதற்கு இல்லை. ஆட்டுவதற்கு முன் அப்படி ஒரு படமாவது எடுத்துவையுங்கள்.

சோய்யாவுக்கு வருவோம். அதிலும் டெடி பேர் சோய்யா. பெயரைக் கேட்டு யாரும் கட்டிப்பிடிக்கக் கிளம்ப வேண்டாம். இதைக் கேமராவை ஆட்டி எடுப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. இதற்கு ஓடும் கோடு கிடையாது. உடம்பு முழுக்க நெருக்கமாக முள், அவ்வளவுதான். ஆட்டினால் மஞ்சள் கறையாகிவிடும். இதன் சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முள்ளையும் காகிதம் போன்ற மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கிறது. சூரியன் பின்னாலிருந்து வந்தால் அந்த உறை வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். செடியின் விளிம்பு முழுக்க வெள்ளி எரியும். ஆகவே இங்கே வித்தை என்பது நிற்கும் இடம்தான். சூரியன் தாழ்ந்திருக்கும் நேரம், செடிக்குப் பின்னால் நிழலில் கிடக்கும் ஒரு மலைச்சரிவு, நடுவில் சோய்யா. எக்ஸ்போஷரை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைத்து, முள்ளின் வெளிச்சம் வெளுத்துப்போகாமல் பாருங்கள். மலை கறுத்துவிடும், கறுக்கட்டும். சூரியன் நேராக லென்ஸில் விழாதபடி தொப்பியையோ கையையோ மேலே பிடியுங்கள். செல்பேசியின் போர்ட்ரெயிட் மோடில் மட்டும் எடுக்காதீர்கள். அது எது முள், எது பின்னணி என்று தெரியாமல் விளிம்பையெல்லாம் மழித்துத் தள்ளிவிடும்.

பிறகு, சீப்பு. சோய்யாவின் கணுக்கள் லேசாக உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளில் பின்னோக்கிய செதில் இருப்பதால் இழுத்தால் வராது. கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஒட்டும். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அகலப்பல் சீப்பைக் கணுவுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து ஒரே தட்டில் தள்ளிவிட வேண்டும், ஆள் இல்லாத பக்கமாக. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு பின்னால் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் உங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விவரம்.

ஒகோட்டியோ கள்ளி அல்ல. அடியிலிருந்து பிரம்புகள் விரிந்து மேலே போகும். மழை பெய்த சில நாளில் இலை தளிர்க்கும், ஈரம் போனதும் உதிர்த்துவிடும். கோடைக்கு முன்னால் நுனிகளில் செந்நிறப் பூக்கொத்து, அதைத் தேடி ரீங்காரச் சிட்டுகள். எல்லாக் கோடுகளும் ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவதால், முக்காலியில் வைத்து, அந்த அடிப்புள்ளியை நடுவில் நிறுத்தி, அரை நொடி ஷட்டரில் ஜூம் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். பிரம்புகள் அதே திசையில் இன்னும் நீளும்; பூக்கள் தீப்பொறியாகத் தெறிக்கும். சவாரோவில் இதே வேலையைச் செய்தால் வாகன விபத்துப் படம் மாதிரி வரும்.

அகேவைப் பற்றி எழுத எனக்கு ஆசை அதிகம். நம் ஊரில் ரயில் பாதையோரம் ஆனைக்கற்றாழை என்று பார்த்து வளர்ந்தோமே, அதன் பூர்வீகம் இந்த அமெரிக்கக் கண்டம்தான். சப்பாத்திக்கள்ளியும் இங்கிருந்து வந்ததுதான். இலைகள் சுழன்று சுழன்று அடுக்கியிருப்பதால், நடுக்குருத்தை மையமாக வைத்துக் கேமராவை லேசாகத் திருகினால் சுழற்சி அழகாகப் பதியும். ஒரு முறை செய்து பார்த்து ஆசை தீர்ந்ததும் கேமராவை முக்காலியில் பூட்டிவிட்டுக் கிட்டே போய்ப் பாருங்கள். குருத்துக்குள் இலைகள் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு இலையின் விளிம்புப் பற்கள் அடுத்த இலையின் முதுகில் அழுந்தியிருக்கும். இலை விரிந்த பிறகும் அந்தப் பல்தடம், ஒரு வெளிறிய அலைக்கோடாக, அப்படியே நிற்கும். ஒவ்வொரு இலையிலும் பக்கத்து இலையின் கையெழுத்து. இதற்கு ஆட்டம் கூடாது. மேக்ரோ லென்ஸ், எஃப்/8, ஃபோகஸை முன்னிருந்து பின்னாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள், பிறகு கணினியில் அடுக்கிச் சேர்ப்பது. அல்லது ஒரே படம், எஃப்/2.8, ஒரு பல்தடம் மட்டும் கூர்மை. இமோஜன் கன்னிங்ஹாம் 1920களில் அகேவை எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியே கிளம்ப முடியாத காலத்தில், வீட்டுத் தோட்டத்தில் கிடைத்த செடிகளை எடுத்தவர் அவர். இலையும் நிழலும் தவிர வேறொன்றும் படத்தில் இல்லை. வார இறுதிக்கு அனுமதி கிடைக்காத நண்பர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

இரட்டை எக்ஸ்போஷரில் உங்கள் கூட்டத்துக்கும் எனக்கும் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. சவாரோவின் இரண்டு கைக்கு நடுவே பெரிய நிலாவை ஒட்டுவதை நிறுத்திவிடலாம். அது எல்லா ஊர்ப் பரிசுக்கடை அட்டையிலும் வந்தாகிவிட்டது. அரைத்த மாவையே அரைப்பானேன்? ஆனால் இந்த வித்தைக்குள் ஒரு நல்ல வழி இருக்கிறது. வெளுத்த வானத்துக்கு எதிரே சவாரோவைக் கறுப்பு நிழலுருவாக எடுங்கள். வானம் முழு வெள்ளை, செடி முழுக் கறுப்பு. கேமராவில் கூட்டல் முறையை வைத்து, அதே சட்டகத்தில் ஓடையின் சிற்றலைகளை இரண்டாவதாக எடுங்கள். வெள்ளையின் மேல் எதுவும் ஏறாது. கறுப்புக்குள் மட்டும் தண்ணீர் நிறையும். செடியின் வடிவத்துக்குள் ஓடை ஓடும். நல்ல மழைக்குப் பிறகு ஒரு பெரிய சவாரோவின் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆகையால் இந்தப் படம் பொய் சொல்லவில்லை. நிலாப் படத்துக்கும் இதற்கும் நான் பார்க்கும் வித்தியாசம் அதுதான். பாலோ வெர்டே மரத்தில் இன்னொன்று முயலலாம்: பெப் வென்டோசா என்ற படக்கலைஞர் பிரபலமாக்கிய முறை. மரத்தைச் சுற்றிவந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மென்மையாக அடுக்குவது. மரத்தின் பட்டையே பச்சையாக இருந்து உணவு தயாரிப்பதால், ஏப்ரலில் மஞ்சள் பூ பூத்த பாலோ வெர்டே இந்த முறையில் ஒரு பச்சைத்தூண் மேல் நிற்கும் மஞ்சள் புகையாகிவிடும்.

இனி ஓடை. இங்கே நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

டூசான் ஓரத்தில், சாண்டா கேட்டலீனா மலையிலிருந்து இறங்கும் சபீனோ ஓடை எப்போதும் ஓடுவதில்லை. குளிர்கால மழையும் மலைப்பனி உருகுவதும் சேர்ந்தால் பாய்ந்து வரும். மே, ஜூனில் குட்டைகளாக ஒடுங்கும். பருவமழை வந்தால் மறுபடி எழும். 1930களில் கட்டிய சின்னக் கல்பாலங்கள் வழியாகப் பாதை ஓடையைத் திரும்பத் திரும்பக் கடக்கும். கரையில் சிக்கமோர், காட்டன்வுட், வில்லோ, ஆஷ் மரங்கள். பத்தடி மேலே ஏறினால் சவாரோ. பாறை பட்டை பட்டையாகக் கறுப்பும் வெள்ளையும் கலந்த நைஸ் வகை. இப்படிப்பட்ட பாறைமேல் ஓடும் தண்ணீரைத்தான் முப்பது நொடி வைத்து வெள்ளை மூட்டமாக்கிவிட்டீர்கள். பாறையின் பட்டையும் போயிற்று, தண்ணீர் அதன்மேல் எப்படி வழிந்தது என்பதும் போயிற்று.

ஓடைக்கு ஓடை, மடுவுக்கு மடு ஷட்டர் மாறும். பாறை விளிம்பில் விழும் தண்ணீருக்கு 1/4 முதல் 1 நொடி வரை போதும். இழைகள் தனித்தனியாகத் தெரியும், எங்கே வேகம், எங்கே தயக்கம் என்பது புரியும். 1/1000 வைத்தால் துளிகள் கண்ணாடிச் சில்லாக உறையும். வெள்ளம் வரும் காலத்து ஆவேசத்துக்கு அதுதான் சரி. நீண்ட ஷட்டர் எங்கே வேண்டும் தெரியுமா? விழுந்த இடத்துக்குக் கீழே, நுரை மிதக்கும் அமைதியான மடுவில். மேலோட்டமாகப் பார்த்தால் அசைவே இல்லாத அந்தத் தண்ணீர், நுரைத்துண்டையும் உதிர்ந்த சிக்கமோர் இலையையும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். 10 நொடியோ 20 நொடியோ வைத்தால் அந்தச் சுழி வெள்ளைக்கோடாக வரைந்து காட்டும். கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா காட்டும் இடம் அது. அங்கே உங்கள் 10 ஸ்டாப் ஃபில்டரைத் தாராளமாக மாட்டுங்கள். 1/30 நொடியை அது அரை நிமிடத்துக்கு மேல் இழுத்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போலரைசரைக் கடைசிவரை திருகுவது அடுத்த பழக்கம். தண்ணீர்மேல் மினுங்கும் வெளிச்சத்தை அது வெட்டும், அடியிலுள்ள கூழாங்கல் தெரியும், ஈரப்பாறையின் நிறம் எழும். எல்லாம் சரிதான். ஆனால் மாலையில் பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவர் வெயிலில் பொன்னாக எரிய, ஓடை மட்டும் நிழலில் கிடக்கும் நேரத்தில் அதே போலரைசர் படத்தையே கொன்றுவிடும். அந்த நேரத்தில் தண்ணீரின் நிறம் அந்தச் சுவர்தான்; ஒரு பக்கம் வானத்தின் நீலம், மறு பக்கம் பாறையின் பொன். எலியட் போர்ட்டர் இந்த எதிரொளியை வைத்தே பெரும் வேலை செய்தார். வட அரிசோனா எல்லையில் கிளென் கேன்யனை அவர் வண்ணத்தில் எடுத்த புத்தகம் 1963இல் வந்தது. அதே ஆண்டில் அங்கே கட்டிய அணையின் கதவுகளை மூடினார்கள், அந்த ஓடைகளும் சுவர்களும் பவல் ஏரிக்குள் போய்விட்டன. செடோனாவில் ஓக் க்ரீக் கரையில் நின்று கதீட்ரல் பாறையின் முழு உருவத்தையும் தண்ணீரில் பிடிக்க நூறு பேர் முக்காலி வைத்திருப்பார்கள். நீங்கள் அவர்களுக்குப் பக்கத்தில் குனிந்து, நீண்ட லென்ஸில் ஒரு முழ அளவு சிற்றலையை மட்டும், போலரைசரைக் கழற்றிவிட்டு எடுங்கள். சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று நெய்யும்.

கரை மரங்களில் சிக்கமோரின் வெண்பட்டை கேமராவை மேலே இழுக்கச் சொல்லிக் கெஞ்சும்; நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் காட்டன்வுட் மஞ்சளாகும்போது அதன் முன்னால் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் தள்ளி முரட்டுக் கிளைகளோடு நிற்கும் மெஸ்கீட் மரத்தை யாரும் எடுக்கவில்லை. காரணம் எனக்குப் புரிகிறது: அது நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அதைப் பார்த்தாலே வெட்டத் தோன்றும். இங்கே அது சொந்த மண்ணின் மரம். அதன் நிழலில்தான் பல சவாரோக் கன்றுகள் பிழைத்து வளர்கின்றன. தாய்மரத்தையும் கன்றையும் ஒரே சட்டகத்தில் வைத்து ஒரு படம் எனக்காக எடுங்கள்.

அகச்சிவப்புக்கு மாற்றிய பழைய கேமரா ஒருவரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதை ஓடைக்குக் கொண்டுபோங்கள். இலை வெண்மையாக எரியும், தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிக் கறுக்கும். உச்சி வெயிலில் மற்ற எல்லோரும் கேமராவைப் பையில் போட்டபிறகு அவருக்கு மட்டும் வேலை இருக்கும். செல்பேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: ஐஃபோனில் லைவ் படமாக எடுத்து, பிறகு லாங் எக்ஸ்போஷருக்கு மாற்றினால் ஓடைக்குப் போதுமான இழை கிடைக்கும். போன் அசையாமல் ஒரு பாறையில் சாய்த்து வையுங்கள், போதும்.

இரவுக்கும் சில செடிகள் இருக்கின்றன. சவாரோவின் வெள்ளைப் பூ இருட்டியபின் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும். ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை, விடிந்ததும் போனால் வெண்சிறகுப் புறாவையும் தேனீயையும் பூவோடு சேர்த்துப் பிடிக்கலாம். பூ உச்சியில் இருக்கும், 300 மி.மீ. லென்ஸ் வேண்டும், இல்லையேல் கை தாழ்ந்து தொங்கும் கிழச்செடியைத் தேடுங்கள். இரவின் ராணி என்று இங்கே கொண்டாடும் செரியஸ் இன்னும் பிகு பண்ணும். ஆண்டு முழுக்கக் காய்ந்த குச்சியாக ஒரு புதருக்குள் ஒளிந்துகொண்டு, கோடையில் பூக்கும்; ஒவ்வொரு பூவுக்கும் ஒரே ஓர் இரவுதான். நம் ஊர் மாடிகளில் பிரம்ம கமலம் என்று அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் காட்டுவோமே, அதுவும் கள்ளி இனம்தான். டூசானில் டொஹோனோ சுல் தோட்டத்தில் பெருவாரியாகப் பூக்கும் இரவைப் பொதுமக்களுக்கு அறிவிப்பார்கள். அங்கே போய் எடுப்பது எல்லாருக்கும் நல்லது. டார்ச்சை நேராக முகத்தில் அடிக்காமல், பக்கத்திலிருந்து, அல்லது இதழுக்குப் பின்னாலிருந்து ஒரு விநாடி தடவிவிட்டால் நரம்புகள் தெரியும். சவாரோவுக்கும் அப்படியே: கேமராவை முக்காலியில் வைத்து 20 நொடி திறந்துவிட்டு, பத்தடி பக்கவாட்டில் போய் நின்று டார்ச்சைத் தண்டோடு ஒரு முறை ஓட்டுங்கள். கேமரா பக்கத்திலிருந்து அடித்தால் மடிப்பெல்லாம் மறைந்து மரப்பலகை மாதிரித் தெரியும்.

கூட ஒரு புற ஊதா டார்ச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒளியில் தேள் பச்சையாக மின்னும். முக்காலிக்குப் பக்கத்தில் மண்டியிடுவதற்கு முன் தரையை ஒரு சுற்று பார்ப்பது உயிருக்கு நல்லது. படத்துக்கும் நல்லது, தேளின் பின்னால் ஒரு கள்ளித் தண்டு கிடைத்தால்.

சங்கடமான ஒரு விஷயத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு படத்தில் சவாரோவின் அடியை ஒட்டிக் குடும்பமாக நிற்கிறீர்கள். அதன் வேர்கள் பெரும்பாலும் மண்ணுக்குச் சில அங்குலம் கீழேயே, செடியின் உயரம் அளவுக்குச் சுற்றிலும் பரவியிருக்கும். அடியில் மிதிப்பது வேரில் மிதிப்பதுதான். டொஹோனோ ஓதாம் மக்கள் சவாரோவை மனிதராகவே எண்ணுகிறவர்கள். ஜூன் கடைசியில் காய்ந்த சவாரோவின் விலாத்தண்டால் செய்த நீண்ட கழியைக் கொண்டு பழம் பறிப்பார்கள், அதிலிருந்துதான் அவர்களுடைய மழைச்சடங்கும் புத்தாண்டும். அந்தக் குடும்பங்கள் பறிக்கும் இடத்தில் கேட்காமல் லென்ஸை நீட்டாதீர்கள். பூவின்மேல் தண்ணீர் பீய்ச்சிப் 'பனித்துளி' வைப்பதையும் விட்டுவிடலாம். ஜூன் மாத சொனோரனில் காலை பத்து மணிக்குப் பனித்துளியா என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள். தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை, சவாரோ தேசியப் பூங்காவும் அதில் அடக்கம்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே பருவமழைக் கணக்கு. உங்கள் தலைமேல் வானம் வெளுத்திருக்கும். மலைமேல் பெய்த மழை அரைமணி கழித்து நீங்கள் முக்காலி ஊன்றிய காய்ந்த ஓடைக்குள் சேறும் மரக்கட்டையுமாக வரும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ மேலே இரைச்சல் கேட்டாலோ கேமராவை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். காரோடு தடுப்பைத் தாண்டி வெள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை உங்களிடமே வசூலிக்க இந்த மாநிலத்தில் 1995 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. அதை ஊரே 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்' என்றுதான் அழைக்கிறது. அதில் மாட்டியவர்கள் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டாம்.

அடுத்த பயணத்துக்கு சுப்பீரியர் ஊர்ப் பக்கம் பாய்ஸ் தாம்சன் தாவரத் தோட்டத்துக்குப் போகலாம் என்பது என் யோசனை. பீனிக்ஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1920களில் தொடங்கியது, கள்ளித்தோட்டமும் குவீன் க்ரீக் கரையும் ஒரே நடையில் கிடைக்கும். ஆளுக்கு ஒரே ஒரு செடி, ஒரே ஒரு லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செடியை விட்டு அரை மணிக்கு முன்னால் நகரக் கூடாது. மறுவாரம் டூசானுக்கு வந்தால் பல்கலைக்கழகத்தில் 1975இல் ஆன்சல் ஆடம்ஸ் முன்னின்று தொடங்கிய படக்கலை மையத்துக்குக் கூட்டிப்போகிறேன். அவருடைய படைப்புகளும் எட்வர்ட் வெஸ்டனுடையவையும் அங்கேதான் இருக்கின்றன. மதியம் என் வீட்டில் சாப்பாடு. ஃபில்டர், மேக்ரோ லென்ஸ், புற ஊதா டார்ச் எது வேண்டுமானாலும் கடன் தருகிறேன். சீப்பை மட்டும் அவரவர் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
டூசானிலிருந்து உங்கள் பழைய சிநேகிதி